செட்டிங்ஸ் டயலாக்கைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கட்டுவது எப்படி

டெஸ்க்டாப் புரோகிராம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைக்கிற வேலை செட்டிங்ஸ் டயலாக்தான். முதலில் ஒரே ஒரு செக்பாக்ஸ் இருக்கும். அடுத்த மாதம் பிரிண்டரைத் தேர்ந்தெடுக்க ஒரு பெட்டி வேண்டும் என்பார்கள், அப்புறம் பேக்கப் எங்கே போக வேண்டும், எழுத்தின் அளவு என்ன, வரி விகிதம் என்ன என்று ஒவ்வொன்றாக வந்து சேரும், நாமும் அவசரத்தில் அதே கிளாஸுக்குள் திணித்துக்கொண்டே போவோம். நான் பார்த்துக்கொள்கிற ஒரு பில்லிங் புரோகிராமில் இப்படித்தான் ஆனது. ஒரே ஃபைலில் 1,800 வரி, ஓகே பட்டனை அழுத்தினால் ஓடுகிற மெத்தட் மட்டுமே 300 வரிக்கு மேல். பிரிண்டர் பகுதியில் சின்னத் திருத்தம் செய்தால் பேக்கப் பகுதி உடையும், எது எதைத் தொடுகிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அதைப் பிரித்து மறுபடி கட்டியபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பைத்தானும், கியூட்டி என்ற இடைமுக லைப்ரரியைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் பைசைட்6-உம் வைத்துச் சொல்கிறேன், எனக்குத் தினமும் புழங்குவது அது. சி பிளஸ் பிளஸில் நேரடியாகக் கியூட்டி பயன்படுத்துகிறவர்களுக்கும் கிளாஸ் பெயர்கள் அப்படியே பொருந்தும். ஜாவாவிலோ சி ஷார்ப்பிலோ எழுதுகிறவர்கள் விட்ஜெட் (பட்டன், பெட்டி மாதிரியான திரை உறுப்பு) பெயர்களை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

மொத்தக் கட்டுமானமும் ஒரே ஒரு விதியின்மேல் நிற்கிறது: டயலாக்குக்கு ஒரு செட்டிங்கின் பெயர்கூடத் தெரியக் கூடாது. பக்கங்களை வாங்கி இடதுபக்கப் பட்டியலில் காட்டுவது, எதைச் சொடுக்குகிறார்களோ அதைத் திறப்பது, ஓகே அழுத்தும்போது பக்கங்களைக் கூப்பிடுவது, இவ்வளவுதான் அதன் வேலை. பிரிண்டர் என்ற சொல் டயலாக்கின் கோடில் எங்காவது தென்பட்டால் ஏதோ இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் பக்கத்துக்கான ஒப்பந்தம்

டயலாக்கில் கை வைப்பதற்கு முன்னால், ஒரு பக்கம் என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருப்பது ஐந்து மெத்தடுகள். பெயர்கள் உங்கள் விருப்பம், இங்கே நான் தமிழிலேயே சொல்கிறேன். 'ஏற்று' என்பது சேமித்து வைத்த மதிப்புகளை எடுத்து விட்ஜெட்டுகளில் நிரப்பும். 'சேமி' அதற்கு நேர் எதிர். 'மாறியதா' என்று கேட்டால் இப்போது திரையில் இருப்பதும் சேமித்து வைத்திருப்பதும் வேறு வேறா என்று ஆம், இல்லை சொல்லும். 'சரிபார்' பிழை இருந்தால் பிழைச் செய்தியையும் எந்த விட்ஜெட்டில் பிழை என்பதையும் திருப்பித் தரும். 'இயல்புக்குக் கொண்டுவா' டீஃபால்ட் மதிப்புகளை விட்ஜெட்டுகளில் மட்டும் நிரப்பும். இங்கே கவனம், எதையும் சேமிக்காது. பயனர் டீஃபால்ட் பட்டனை அழுத்திவிட்டு மனம் மாறி கேன்சல் அழுத்தினால் பழைய மதிப்பு அப்படியே இருக்க வேண்டும் இல்லையா.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. கோடு எழுதும் கருவியான இன்டெல்லிஜேயில் ஒரு பிளகின் தன் செட்டிங்ஸ் பக்கத்தைச் சேர்க்க 'கான்ஃபிகரபிள்' என்ற இன்டர்ஃபேஸைத்தான் எழுத வேண்டும், அதில் விட்ஜெட்டைக் கட்டுவது, மாறியதா என்று கேட்பது, சேமிப்பது, பழையபடி ஆக்குவது என்று கிட்டத்தட்ட இதே மெத்தடுகள் இருக்கின்றன. எக்லிப்ஸின் 'பிரிஃபரன்ஸ் பேஜ்', கியூட்டி கிரியேட்டரின் 'ஐஆப்ஷன்ஸ்பேஜ்' எல்லாம் இதே குடும்பம். விண்டோஸ் 95 காலத்து பிராபர்ட்டி ஷீட்டிலேயே ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாக 'அப்ளை' செய்தி போகும், ஒரு பக்கத்தை விட்டு வெளியேறும்போது சரிபார்க்கத் தனிச் செய்தி போகும். இத்தனை பேர் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்றால் அந்த வடிவத்தை நம்பலாம்.

பைத்தானில் ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அடிப்படைப் பக்கத்தை அப்ஸ்ட்ராக்ட் கிளாஸாக வைக்கலாம் என்று கியூவிட்ஜெட்டையும் பைத்தானின் ஏபிசி கிளாஸையும் சேர்த்து ஒரு கிளாஸ் எழுதினால் மெட்டாகிளாஸ் மோதல் என்று டைப்எரர் வரும். இரண்டையும் இணைக்க வழிகள் உண்டு, ஆனால் இந்த வேலைக்கு அது தேவையே இல்லை. சாதாரண கியூவிட்ஜெட்டிலிருந்து கிளாஸ் எழுதி, நிரப்பாத மெத்தடைக் கூப்பிட்டால் நாட்இம்ப்ளிமென்டட் எரர் எழுப்பும்படி விட்டுவிடுங்கள், போதும்.

'மாறியதா' என்பதை எப்படி எழுதுவது என்பதில் இரண்டு கட்சி உண்டு. ஒவ்வொரு விட்ஜெட்டும் தன் மதிப்பு மாறும்போது எழுப்பும் சிக்னலைப் பிடித்து, மாறிவிட்டது என்று ஒரு கொடியை உயர்த்துவது ஒன்று. மதிப்புகளை நேருக்கு நேர் ஒப்பிடுவது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. கொடி வைத்தால் 'ஏற்று' ஓடும்போதே சிக்னல் பறந்து கொடி உயர்ந்துவிடும், அதைத் தடுக்க சிக்னலை அடைக்க வேண்டும், ஏதாவது ஒரு இடத்தில் அடைக்க மறப்போம். தவிர, பயனர் ஒரு டிக்கை எடுத்துவிட்டு மறுபடி போட்டால் உண்மையில் எதுவும் மாறவில்லை, ஆனால் கொடி மாறிவிட்டது என்று சொல்லும். ஒப்பிடும் முறையில் சிக்னலுக்கு ஒரே வேலைதான், 'ஏதோ நடந்தது, மறுபடி கேட்டுப் பார்' என்று டயலாக்குக்குத் தெரிவிப்பது. தப்பாக ஒருமுறை கூடுதலாகப் பறந்தாலும் நஷ்டம் இல்லை.

செட்டிங்குகளுக்கு ஒரே வீடு

அடுத்தது சேமிப்பு. பழைய கோடில், செட்டிங்குகளைச் சேமிக்கக் கியூட்டி தரும் கிளாஸான கியூசெட்டிங்ஸை நாற்பது இடத்தில் நேரடியாகக் கூப்பிட்டிருந்தோம், ஒவ்வொரு இடத்திலும் கீயின் பெயர் ஒரு சரமாக எழுதப்பட்டிருந்தது, டீஃபால்ட் மதிப்பும் அங்கங்கே எழுதப்பட்டிருந்தது. ஒரு இடத்தில் பேக்கப் 7 நாளைக்கு ஒருமுறை என்றும் இன்னொரு இடத்தில் 10 என்றும் டீஃபால்ட் இருந்ததை வெகுநாள் கழித்துத்தான் கவனித்தோம்.

இதைத் தவிர்க்க ஒவ்வொரு செட்டிங்கையும் ஒரே ஒரு இடத்தில் அறிவியுங்கள். கீ, வகை, டீஃபால்ட், வேண்டுமானால் குறைந்தபட்ச அதிகபட்ச எல்லை. இந்த நான்கும் ஒரு சின்ன டேட்டாகிளாஸில் அடங்கிவிடும். புரோகிராமின் மற்ற பகுதிகள் எல்லாம் அந்த அறிவிப்பைக் கொடுத்துத்தான் மதிப்பைக் கேட்க வேண்டும், கீயைச் சரமாக எங்கும் எழுதக் கூடாது. லினக்ஸின் நோம் டெஸ்க்டாப்பின் ஜிசெட்டிங்ஸில் இதை ஸ்கீமா என்ற பெயரில் கட்டாயமாகவே வைத்திருக்கிறார்கள், கீயும் வகையும் டீஃபால்ட்டும் எக்ஸ்எம்எல் ஃபைலில் இல்லாமல் ஒரு மதிப்பைக்கூடப் படிக்க முடியாது. இன்னொரு லினக்ஸ் டெஸ்க்டாப்பான கேடிஇ தன் கேகான்ஃபிக்எக்ஸ்டியில் இன்னும் ஒரு படி மேலே போய், விட்ஜெட்டின் பெயருக்கு முன்னால் ஒரு குறிப்பிட்ட முன்னொட்டு இருந்தால் அதைத் தானாகவே செட்டிங்கோடு இணைத்துவிடுகிறது.

கியூசெட்டிங்ஸ் எங்கே சேமிக்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் ரெஜிஸ்ட்ரியில், நடப்புப் பயனரின் சாஃப்ட்வேர் கிளைக்குக் கீழே. மேக்கில் லைப்ரரிக்குள் பிரிஃபரன்சஸ் ஃபோல்டரில் பிளிஸ்ட் ஃபைலாக. லினக்ஸில் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரில் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக. நிறுவனப் பெயரையும் புரோகிராம் பெயரையும் அப்ளிகேஷன் ஆப்ஜெக்ட்டில் முதலிலேயே வைத்துவிட வேண்டும், அதற்கு முன்னால் எங்காவது ஒரு கியூசெட்டிங்ஸ் உருவாகிவிட்டால் அது எழுதுவது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாது.

இப்போது எல்லோரும் ஒருமுறையாவது விழுகிற குழியைக் கிட்டே போய்ப் பார்ப்போம். 'பில் அச்சிட்டதும் டிராயரைத் திற' என்று ஒரு செக்பாக்ஸ். டிக்கை எடுத்து ஓகே அழுத்துகிறோம், ஃபால்ஸ் சேமிக்கப்படுகிறது. புரோகிராமை மூடித் திறக்கிறோம். செக்பாக்ஸில் மறுபடியும் டிக் இருக்கிறது. சேமிக்கவே இல்லையோ என்று ரெஜிஸ்ட்ரியைத் திறந்து பார்த்தால் ஃபால்ஸ் என்றுதான் இருக்கிறது. என்ன நடந்தது என்றால், விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியிலும் ஐஎன்ஐ என்ற டெக்ஸ்ட் ஃபைலிலும் பூலியன் (ஆம், இல்லை) மதிப்பு எழுத்துச் சரமாகத்தான் உட்காருகிறது. திரும்பப் படிக்கும்போது நமக்கு வருவது ஃபால்ஸ் என்ற ஐந்தெழுத்துச் சரம். பைத்தானில் காலியாக இல்லாத எந்தச் சரமும் உண்மை என்றே கணக்கு, ஆகவே டிக் விழுகிறது. மேக்கில் பிளிஸ்ட்டுக்குள் பூலியன் பூலியனாகவே இருப்பதால் அங்கே எழுதிச் சோதிக்கிறவருக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது, வாடிக்கையாளரின் விண்டோஸ் மெஷினில்தான் தெரியவரும்.

தீர்வு எளிது, மதிப்பைக் கேட்கும் மெத்தடுக்கு மூன்றாவதாக வகையையும் கொடுக்கலாம், பூல் என்று கொடுத்தால் அதுவே மாற்றித் தரும். ஆனால் இதை நாற்பது இடத்தில் நினைவு வைத்துக் கொடுக்க யாராலும் முடியாது. அறிவிப்பிலேயே வகை இருக்கிறதல்லவா, படிக்கும் கோடு ஒரே இடத்தில் இருந்தால் ஒருமுறை கொடுத்தால் போதும். பட்டியல்களிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. ஒரே ஒரு உறுப்பு இருக்கும் சரப் பட்டியலை ஐஎன்ஐயில் சேமித்தால் திரும்ப வரும்போது பட்டியலாக வராது, வெறும் சரமாக வரும். அதையும் அந்த ஒரே இடத்தில் கவனித்துக்கொள்ளுங்கள்.

கம்போபாக்ஸில் எதைச் சேமிக்கிறீர்கள்?

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் புரோகிராமில் ரசீதுத் தாளின் அகலத்துக்கு ஒரு கம்போபாக்ஸ், அதில் 58 மிமீ, 80 மிமீ, ஏ4 என்று மூன்று வரிசை. நான் எழுதிய கோடு எத்தனையாவது வரிசை என்ற எண்ணைச் சேமித்தது. பூஜ்யம் என்றால் 58, ஒன்று என்றால் 80, இரண்டு என்றால் ஏ4. ஒரு வருடம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு வாடிக்கையாளர் ஏ5 தாள் கேட்டார், சின்னதிலிருந்து பெரியது என்று அழகாக இருக்கட்டும் என்று அதை 80-க்கும் ஏ4-க்கும் நடுவில் சேர்த்தேன். அப்டேட் போன மறுநாள் காலையிலிருந்து போன் நிற்கவில்லை. ஏ4-இல் அச்சடித்துக்கொண்டிருந்த அத்தனை கடைகளிலும் பில் பாதித் தாளில் சுருங்கி வந்துகொண்டிருந்தது, கடை திறந்து கூட்டம் நிற்கிற நேரத்தில். ஒவ்வொருவருக்கும் போனிலேயே செட்டிங்ஸைத் திறந்து மாற்றச் சொல்லி வழிகாட்டினோம், அன்று முழுவதும் வேறு வேலை நடக்கவில்லை.

வரிசை எண்ணைச் சேமிக்காதீர்கள். திரையில் தெரியும் சொல்லையும் சேமிக்காதீர்கள், மொழியை மாற்றினால் அது மாறிவிடும். ஒவ்வொரு வரிசையையும் சேர்க்கும்போது அதனுடன் ஒரு மாறாத அடையாளத்தை டேட்டாவாக இணைத்துவிட்டு அதைச் சேமியுங்கள். படிக்கும்போது 'ஃபைண்ட்டேட்டா' வைத்துத் தேடுங்கள், கிடைக்கவில்லை என்றால் மைனஸ் ஒன்று வரும், அப்போது டீஃபால்ட்டுக்குப் போங்கள். அந்த மைனஸ் ஒன்றை அப்படியே கம்போபாக்ஸுக்குக் கொடுத்தால் பெட்டி காலியாகத் தெரியும், பயனர் அதைக் கவனிக்காமல் ஓகே அழுத்தினால் காலி மதிப்பு சேமிக்கப்பட்டுவிடும்.

இதோடு சேர்த்து, செட்டிங்ஸுக்கே ஒரு பதிப்பு எண்ணை ஒரு கீயாக வைத்துவிடுவது நல்லது. புரோகிராம் தொடங்கும்போது அந்த எண் பழையதாக இருந்தால் ஒவ்வொரு படியாக மாற்றிக் கொண்டுவரும் சின்ன ஃபங்ஷன்கள் ஓடும், ஒன்றிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து மூன்றுக்கு என்று. மேலே சொன்ன விபத்துக்குப் பிறகு நாங்கள் எழுதிய முதல் ஃபங்ஷன் பழைய வரிசை எண்ணைப் புதிய அடையாளமாக மாற்றுவதுதான்.

இப்போது டயலாக்

ஒப்பந்தமும் சேமிப்பும் தயாராக இருந்தால் டயலாக் எழுத 150 வரி கூட வேண்டியதில்லை. இடதுபக்கம் ஒரு கியூலிஸ்ட்விட்ஜெட், வலதுபக்கம் ஒரு கியூஸ்டேக்டுவிட்ஜெட், கீழே கியூடயலாக்பட்டன்பாக்ஸ். பட்டியலில் வரிசை மாறும்போது ஸ்டேக்கில் அதே வரிசைப் பக்கம் தெரியும்படி இணையுங்கள். பட்டன்களை நீங்களே தனித்தனியாக வைத்து அடுக்காதீர்கள், பட்டன்பாக்ஸ் ஒவ்வொரு இயங்குதளத்தின் வழக்கப்படி ஓகேயையும் கேன்சலையும் இடம் மாற்றி வைக்கும். விண்டோஸ் பயனருக்கு ஓகே இடதில் இருக்கும், மேக் பயனருக்கு வலது ஓரத்தில்.

பக்கங்கள் ஐந்தாறுக்கு மேல் போனால் மேலே டேப் வைக்கிற முறை சரிவராது. தமிழில் பெயர் வைத்தால் நான்கு டேப்பிலேயே அகலம் முடிந்துவிடும். இடதுபக்கப் பட்டியலில் அந்தத் தொல்லை இல்லை.

டயலாக்குக்குப் பக்கங்களை ஆப்ஜெக்ட்டாகக் கொடுக்காமல் கிளாஸாகக் கொடுங்கள், கூடவே பெயர், ஐகான், வரிசை எண். பக்கத்தை முதல்முறை சொடுக்கும்போது உருவாக்கினால் போதும். எங்கள் பிரிண்டர் பக்கம் கட்டப்படும்போது கணினியில் உள்ள எல்லாப் பிரிண்டர்களையும் தேடும், நெட்வொர்க் பிரிண்டர் ஒன்று அணைந்திருந்தால் அதற்கே சில விநாடிகள் பிடிக்கும். எழுத்தின் அளவை மாற்ற வந்தவர் அதற்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் என்ன? இன்டெல்லிஜேயின் பிளகின் வழிகாட்டியும் இதையே சொல்கிறது, கன்ஸ்ட்ரக்டரில் விட்ஜெட் கட்டாதே என்று. இதனால் இன்னொரு லாபமும் உண்டு, உருவாகாத பக்கம் மாறியிருக்கவே முடியாது, ஆகவே சேமிக்கும்போது அதைக் கூப்பிடவே வேண்டாம்.

ஸ்டேக்டுவிட்ஜெட் தன் உள்ளே இருக்கும் பக்கங்களிலேயே பெரியது எதுவோ அந்த அளவை எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் நீளமாகிவிட்டால் மொத்த டயலாக்கும் நீண்டு, 1366-க்கு 768 திரை வைத்திருக்கும் லேப்டாப்பில் ஓகே பட்டன் திரைக்குக் கீழே போய்விடும். பயனரால் எதையும் சேமிக்க முடியாது. ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு ஸ்க்ரோல்ஏரியாவுக்குள் வைத்து 'விட்ஜெட் ரிசைசபிள்' என்பதை இயக்கிவிடுங்கள். டயலாக்கே இதைச் செய்யட்டும், பக்கம் எழுதுகிறவர் கவலைப்பட வேண்டாம்.

ஸ்க்ரோல்ஏரியா வைத்ததும் புதிதாக ஒரு தொல்லை முளைக்கும். மவுஸ் சக்கரத்தை உருட்டிக் கீழே போகும்போது கர்சர் ஒரு ஸ்பின்பாக்ஸுக்கோ கம்போபாக்ஸுக்கோ மேலே வந்துவிட்டால், பக்கம் நகர்வது நின்று அந்தப் பெட்டியின் மதிப்பு மாற ஆரம்பிக்கும். பயனருக்குத் தெரியாமலேயே வரி விகிதம் 18-லிருந்து 15 ஆகும். இது சும்மா விடக்கூடிய பிழை இல்லை. அந்த விட்ஜெட்டுகளின் ஃபோகஸ் பாலிசியை 'ஸ்ட்ராங்ஃபோகஸ்' ஆக்கி, ஃபோகஸ் இல்லாதபோது வரும் சக்கர நிகழ்வை ஏற்காமல் விட்டுவிடும் ஒரு ஈவென்ட் ஃபில்டரை எழுதுங்கள், அது ஸ்க்ரோல்ஏரியாவுக்குப் போய்ச் சேரும்படி. பக்கம் உருவாகும்போது டயலாக் அதற்குள் இருக்கும் எல்லா ஸ்பின்பாக்ஸ், கம்போபாக்ஸையும் தேடி இந்த ஃபில்டரை மாட்டிவிடலாம்.

ஓகே அழுத்தும்போது நடக்க வேண்டியது

இரண்டு சுற்று. முதல் சுற்றில் மாறிய பக்கங்கள் அனைத்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒன்று பிழை சொன்னாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து, பிழையான விட்ஜெட்டுக்கு ஃபோகஸ் கொடுத்து, செய்தியைக் காட்டி நின்றுவிடுங்கள், எதையும் சேமிக்காதீர்கள். எல்லாம் சரி என்றால்தான் இரண்டாவது சுற்றில் சேமிப்பது. ஒரே சுற்றில் சரிபார்த்துக்கொண்டே சேமித்தால், மூன்றாவது பக்கத்தில் பிழை வரும்போது முதல் இரண்டு பக்கங்கள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும், பயனர் கேன்சல் அழுத்தினால் பாதி மாறியும் பாதி மாறாமலும் நிற்கும்.

எழுதி முடித்ததும் 'சிங்க்' கூப்பிட்டு 'ஸ்டேட்டஸ்' என்ன என்று கேளுங்கள். ஃபைலுக்கு எழுத அனுமதி இல்லாத கணினிகள் இருக்கின்றன, கேட்காவிட்டால் கியூசெட்டிங்ஸ் சத்தமே போடாது, பயனர் ஒவ்வொரு நாளும் அதே செட்டிங்கை மாற்றிக்கொண்டிருப்பார்.

பிழைச் செய்தியை எழுதும்போது கொஞ்சம் மெனக்கெடுங்கள். 'தவறான மதிப்பு' என்று மட்டும் சொல்வதால் யாருக்கும் பயனில்லை. 'இந்த ஃபோல்டர் இல்லை, பேக்கப் ஃபோல்டரைத் தேர்ந்தெடுங்கள்' என்று சொன்னால் அடுத்து என்ன செய்வது என்று புரியும்.

டீஃபால்ட் பட்டன் திறந்திருக்கும் பக்கத்துக்கு மட்டும் வேலை செய்யட்டும். எல்லாப் பக்கங்களையும் ஒரே அழுத்தில் துடைக்கும் பட்டன் வேண்டுமென்றால் வேறு இடத்தில், கேள்வி கேட்டபிறகு செய்யும்படி வையுங்கள்.

ஓகே பட்டனே வேண்டாம், மாற்றியதும் அப்போதே அமலாக வேண்டும் என்பது மேக்கிலும் நோமிலும் வழக்கம். விண்டோஸிலும் கேடிஇயிலும் ஓகே, அப்ளை, கேன்சல் எதிர்பார்ப்பார்கள். என் கருத்தைக் கேட்டால் தோற்றம், எழுத்தளவு மாதிரி கண்ணால் பார்த்து முடிவு செய்கிறவற்றுக்கு உடனே அமலாவது நல்லது. பிரிண்டர், சர்வர் முகவரி, வரி மாதிரி பாதி நிரப்பிய நிலையில் அமலானால் ஆபத்து வரக்கூடியவற்றுக்கு ஓகே வேண்டும். உடனே அமலாகும் பக்கங்களில் ஸ்பின்பாக்ஸின் 'கீபோர்ட் டிராக்கிங்' என்பதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் 120 என்று தட்டும்போது 1, 12, 120 என்று மூன்று முறை அமலாகும்.

மாற்றம் புரோகிராமுக்குப் போய்ச் சேர வேண்டும்

டயலாக் மூடியதும் மெயின் விண்டோவின் மெத்தடுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு 'எழுத்தளவை மாற்று, பிரிண்டரை மாற்று' என்று சொல்வது பழைய பழக்கம். அதைச் செய்தால் டயலாக்குக்கு மறுபடியும் எல்லாம் தெரிந்தாக வேண்டும், பிரித்ததே வீண். அதற்குப் பதிலாகச் சேமிப்பு ஆப்ஜெக்ட்டை ஒரு கியூஆப்ஜெக்ட்டாக வைத்து, எந்தச் செட்டிங் மாறினாலும் கீயையும் புதிய மதிப்பையும் சொல்லி ஒரு சிக்னல் எழுப்பச் செய்யுங்கள். மதிப்பு உண்மையிலேயே மாறினால் மட்டும். பில் விண்டோ தனக்கு வேண்டிய கீ வந்தால் மட்டும் காதில் வாங்கிக்கொள்ளும். 'புரோகிராமை மூடித் திறந்தால்தான் அமலாகும்' என்ற செய்தியை எங்கள் புரோகிராமில் ஏழு இடத்தில் காட்டிக்கொண்டிருந்தோம், இப்போது மொழி மாற்றும் இடத்தில் மட்டும்தான் இருக்கிறது.

பாஸ்வேர்டை இந்தச் சேமிப்புக்குள் வைக்கவே வைக்காதீர்கள். ரெஜிஸ்ட்ரியிலும் ஐஎன்ஐயிலும் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கும்படிதான் அது இருக்கும். பைத்தானில் 'கீரிங்' என்ற லைப்ரரி விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜர், மேக்கின் கீசெயின், லினக்ஸின் சீக்ரெட் சர்வீஸ் மூன்றோடும் பேசும். பக்கம் எழுதும் முறை மாறாது, 'ஏற்று'வும் 'சேமி'யும் வேறு இடத்தைக் கூப்பிடும், அவ்வளவுதான். டயலாக்குக்கு இது தெரியவே தெரியாது.

தமிழ் இடைமுகம் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். லேபிள்களுக்கு அகலத்தை எண்ணாகக் கொடுக்காதீர்கள், 'பேக்கப்' என்பது 'காப்புப்பிரதி எடுக்கும் இடைவெளி' ஆகும்போது பாதி வெட்டுப்படும். கியூஃபார்ம்லேஅவுட்டில் நீளமான வரிசையை மடிக்கச் சொல்லும் 'ரேப்லாங்ரோஸ்' கொள்கையை வைத்தால் லேபிள் மேலேயும் பெட்டி கீழேயும் போய் உட்காரும். இரண்டாவது மேக்கில். செட்டிங்ஸ் மெனு அங்கே புரோகிராமின் பெயருள்ள மெனுவுக்குள், கமாண்ட் கமா குறுக்குவிசையோடு இருக்க வேண்டும், கியூட்டி அதைத் தானாகவே நகர்த்தும். ஆனால் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்றால் மெனுவின் சொல்லில் செட்டிங்ஸ், பிரிஃபரன்சஸ், ஆப்ஷன்ஸ் போன்ற ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றனவா என்று பார்த்து. 'அமைப்புகள்' என்று தமிழில் எழுதினால் அதற்குத் தெரியாது, மெனு இருந்த இடத்திலேயே நிற்கும். அந்த ஆக்‌ஷனின் மெனு ரோலை 'பிரிஃபரன்சஸ்ரோல்' என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

தேடலும் பிளகினும்

பக்கங்கள் பத்தைத் தாண்டினால் மேலே ஒரு தேடல் பெட்டி வையுங்கள். பக்கம் உருவாகாத நிலையிலும் தேட வேண்டும் என்பதால் விட்ஜெட்டுகளைத் துழாவ முடியாது, ஒவ்வொரு பக்கக் கிளாஸும் தன் தேடுசொற்களை ஒரு பட்டியலாகத் தரட்டும். அதில் பயனர் சொல்லும் சொற்களையும் போடுங்கள். தெர்மல் பிரிண்டர் என்று நாம் எழுதியிருப்போம், கடைக்காரர் 'பில் மெஷின்' என்று தேடுவார். எங்களுக்கு வந்த போன் அழைப்புகளைக் குறித்து வைத்துத்தான் அந்தப் பட்டியலை நிரப்பினோம்.

வெளியிலிருந்து பக்கம் சேர்க்க அனுமதிப்பதும் இந்த வடிவத்தில் சுலபம். பைத்தானின் என்ட்ரி பாயின்ட் முறையில், நிறுவப்பட்டிருக்கும் பேக்கேஜ்கள் அறிவித்த பக்கங்களை டயலாக் திறக்கும்போது சேகரித்துவிடலாம். அந்நியர் எழுதிய பக்கம் ஒன்று உருவாகும்போது வெடித்தால் மொத்த டயலாக்கும் திறக்காமல் போகக் கூடாது, அந்த ஒரு பக்கத்தின் இடத்தில் 'இந்தப் பக்கத்தைத் திறக்க முடியவில்லை' என்று காட்டிவிட்டு பிழையை லாகில் எழுதுங்கள். விஎஸ் கோடு இதில் வேறு வழி எடுத்திருக்கிறது, எக்ஸ்டென்ஷன் தன் செட்டிங்குகளின் வகையையும் டீஃபால்ட்டையும் ஜேசானில் அறிவித்தால் போதும், பக்கத்தை எடிட்டரே வரைந்துகொள்ளும். எளிய செட்டிங்குகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் அது அருமையான வழி. ஆனால் 'சோதனை பில் அச்சிடு' என்று ஒரு பட்டனும் பக்கத்தில் ஒரு மாதிரித் தாளும் வேண்டும் என்றால் கையால் கட்டிய பக்கம்தான் சரி.

சோதனைக்கு ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக எடுத்து, தற்காலிக ஃபோல்டரில் ஒரு ஐஎன்ஐ ஃபைலோடு ஓட்டுங்கள். 'ஏற்று' ஓடிய உடனே 'மாறியதா' என்று கேட்டால் இல்லை என்று வர வேண்டும், இந்த ஒரு சோதனை பாதிப் பிழைகளைப் பிடித்துவிடும். அடுத்து ஒரு மதிப்பை மாற்றி, சேமித்து, அதே ஃபைலைப் புதிதாகத் திறந்து படித்து ஒப்பிடுங்கள். பழைய ஆப்ஜெக்ட்டையே கேட்டால் மேலே சொன்ன பூலியன் பிழை தெரியாமல் போகலாம்.

ஏற்கெனவே 1,800 வரி டயலாக் கையில் இருக்கிறவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் பிரிக்க முயல வேண்டாம். முதலில் செட்டிங் அறிவிப்புகளை மட்டும் ஒரே ஃபைலுக்குக் கொண்டுவந்து, பழைய டயலாக் அதை வைத்தே ஓடும்படி செய்யுங்கள். அப்புறம் இருப்பதிலேயே சின்னப் பக்கம் எதுவோ அதை, எங்களுக்கு அது எழுத்தளவுப் பக்கம், புதிய ஒப்பந்தப்படி எழுதி, பழைய டயலாக்கின் ஒரு டேப்பாகவே மாட்டுங்கள். அது ஒரு வாரம் வாடிக்கையாளர்களிடம் ஓடட்டும். பிரிண்டர் பக்கத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.